ஒன்ஸ்மோரும் ஒன்மோரும்

நான் கட்டிய முதல் வேஷம் பிணம். அப்போது எனக்கு எட்டு வயது. அரிச்சந்திரா கூத்தில் பாம்பு கடித்துச் செத்துப்போகிற லோகிதாசன். வழக்கமாக அந்த வேஷம் போடுகிற பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஏம்மா, பேச்சு நாலு வரிதான். மிச்சமெல்லாம் படுத்துக் கெடக்கறதுதான். தூங்கிட்டான்னாக்கூட ஒண்ணும் ஆவாது" என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து கடைசி பஸ். இறங்கியபிறகு வரப்பில் ஒரு மைல் நடை. முன்னால் ஆர்மோனியப் பெட்டி, பின்னால் நான்.

தூங்க முடியவில்லை. மயான காண்டம் வந்தபோது மணி மூன்றிருக்கும். ஈரத்தரையில் கோணிச்சாக்கு விரித்து என்னைக் கிடத்தினார்கள். எங்கள் ஜமாவில் பெண்வேஷமெல்லாம் ஆண்கள்தான், பெரியப்பா ஸ்திரீபார்ட். பகலில் தறி, ராத்திரியில் சந்திரமதி, திரௌபதி, நல்லதங்காள். முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்த வாசனை என் முகத்துக்கு மேலே கவிழ்ந்தது. அவருடைய சவுரிமுடி என் கழுத்தில் பட்டு அரித்தது. அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்ததும் முன்வரிசைக் கிழவிகள் மூக்கைச் சிந்துவது கேட்டது. அந்த நேரம் பார்த்து ஓர் எறும்பு என் கன்னத்தில் ஏறியது. கட்டெறும்பு இல்லை, சின்னதுதான். ஆனால் அதற்கு அவசரமே இல்லை. தாடையிலிருந்து கிளம்பி, மூக்கோரம் நின்று யோசித்து, கண்ணிமைக்கு வந்தது. செத்தவன் கண்ணைச் சிமிட்டக்கூடாது என்று பெரியப்பா ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பல்லைக் கடிப்பதும் வெளியே தெரியும் என்பது பிறகு தெரிந்தது.

பாட்டு முடிந்தது, இனி எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒன்ஸ்மோர்!"

துக்கத்துக்கு ஒன்ஸ்மோர் கேட்கிறவர்கள் வேறு எந்த ஊரிலாவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்க வேண்டிய அரிச்சந்திரன், கோலை ஊன்றியபடி சும்மா நின்றார். ஆர்மோனியக்காரர் மறுபடி சுருதியைப் பிடித்தார். பெரியப்பா என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு முதலிலிருந்து அழுதார். வரிகள் அதேதான், ஆனால் பாட்டு அதே இல்லை. முதல் தடவை என்னைப் பார்த்துப் பாடினார். இரண்டாம் தடவை தலையை நிமிர்த்திக்கொண்டார். முன்வரிசையில் ஒரு பெண், அந்த வருஷம்தான் பிள்ளையைப் பறிகொடுத்தவள், உட்கார்ந்திருந்தாளாம். அவளுக்காகப் பாடியதாகப் பிறகு பஸ்ஸில் சொன்னார். "கேட்டதையே கேக்கறதுக்கா சாமி ஒன்ஸ்மோர் கேக்கறாங்க?"

இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்து சினிமாவில் நடிக்கப் போனேன். அங்கேயும் அதே சொல், ஓர் எழுத்து மட்டும் உதிர்ந்து: "ஒன்மோர்." கூத்துக்களத்தில் அது பரிசு. படப்பிடிப்பில் அது பிழை. கூத்தில் மறுபடி செய்யும்போது மாற்றிச் செய்ய வேண்டும். சினிமாவில் மாற்றாமல் செய்ய வேண்டும். எந்தச் சொல்லில் கை எழுந்ததோ அதே சொல்லில் எழ வேண்டும், டீ கிளாஸில் எவ்வளவு டீ இருந்ததோ அவ்வளவே இருக்க வேண்டும். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் எனக்கு ஒரு பாலம் தேவைப்பட்டது. அந்தப் பாலம் சிங்கப்பூரில் இருந்தது. அதைக் கடக்க மூன்று வருஷம் ஆனது.

"சிங்கப்பூர் போய் நடிப்புப் படிச்சியாமே, என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?" என்று அம்மாப்பேட்டையில் இன்னமும் கேட்கிறார்கள். உண்மையான பதில் சொன்னால் சிரிப்பார்கள். நடக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

குவோ பாவ் குன் என்ற நாடகாசிரியரும் டி. சசிதரனும் சேர்ந்து 2000-ல் தொடங்கிய பள்ளி அது. பிறகு இன்டர்கல்சுரல் தியேட்டர் இன்ஸ்டிட்யூட் என்று பெயர் மாறியது. குவோ சாதாரண ஆள் இல்லை. 1976-லிருந்து நாலு வருஷத்துக்கு மேல் விசாரணையின்றிச் சிறையில் இருந்தவர். வெளியே வந்து 1988-ல் ஒரு நாடகம் போட்டார். அதில் ஹொக்கியன் மட்டும் பேசுகிற ஒரு சீனக் கிழவி தன் பூனையைத் தேடிக்கொண்டு போவாள். வழியில் தமிழ் மட்டும் பேசுகிற ஒரு கிழவர், அவரும் பூனை தேடி வந்தவர். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் பூனையைப் பற்றி இருவரும் நன்றாகப் பேசிக்கொள்வார்கள். அவர் 2002-ல் இறந்துவிட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. அந்தப் பூனைக் காட்சியைப் பற்றிக் கேட்ட அன்றே, என் இங்கிலீஷைப் பற்றி இருந்த பயத்தில் பாதி போய்விட்டது.

அங்கே போன கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லார் கதையும் அதுதான். சேலத்தில் பி.காம்., சென்னையில் ஒரு நாடகக் குழுவில் ஐந்து வருஷம், கொஞ்சம் உதவித்தொகை, மிச்சத்துக்கு அம்மாவின் வளையல். அந்த வளையல் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அம்மா ஒரு நாளும் கேட்டதும் இல்லை. அதனாலேயே எனக்கு அது ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பள்ளியின் யோசனை இதுதான்: நவீன நடிகன் ஆசியாவின் நாலு பழைய வடிவங்களை உடம்பால் கற்க வேண்டும். கேரளத்தின் கூடியாட்டம், ஜப்பானின் நோ, சீனாவின் பீஜிங் ஆப்பரா, ஜாவாவின் வாயாங் வோங். இதில் எதிலும் அவன் வித்வான் ஆகப் போவதில்லை. ஆறு வயதில் தொடங்க வேண்டியதை இருபத்தெட்டு வயதில் தொடங்கி யார் வித்வான் ஆவது? நோவின் பேராசான் ஜெயாமி, அறுநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிவைத்திருக்கிறார், இந்தக் கலையை ஏழு வயதில் தொடங்க வேண்டும் என்று. அதைப் படித்தபோது, சரி, நான் எட்டு வயதில் பிணமாகத் தொடங்கினேனே, ஒரு வருஷம்தானே தாமதம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

நோவில் நடை என்றால் பாதத்தைத் தூக்காமல் தரையோடு இழுத்துக்கொண்டு போவது. குதிகால் எழக்கூடாது, கடைசியில் விரல்நுனி மட்டும் லேசாக எழுந்து அமரும். இடுப்பு ஒரே உயரத்தில், தலையில் தண்ணீர்க்குடம் இருப்பதுபோல். எங்கள் கூத்தில் நடையென்றாலே சலங்கை அதிர வேண்டும்; திரை விலகியதும் நாலு சுற்றுக் கிறுக்கி அடித்துத்தான் ராஜா தன் பெயரையே சொல்வான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு, வெள்ளை சாக்ஸ் மாட்டி, அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு வழுக்கிக்கொண்டே போய், திரும்பி, வந்து, மறுபடி போய். முதல் மாதம் தொடை எரிந்தது. இரண்டாம் மாதம் எரிச்சல் நின்று சலிப்பு வந்தது. சலிப்புத்தான் பாடம் என்று யாரும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். நூறாவது தடவை போகும்போது முதல் தடவை போவதைப் போலவே போக வேண்டும். தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிது இல்லை. ஒரு நாடாவைத் தள்ளினால் மறு நாடா. ஒரு இழைகூட முந்தின இழையைவிட இறுக்கமாக விழக்கூடாது. விழுந்தால் துணியில் கோடு தெரியும். என் அப்பா முப்பது வருஷம் செய்ததைத்தான் ஒரு ஜப்பானிய ஆசிரியர் எனக்குக் காலால் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நோ முகமூடியில் கண் ஓட்டை மிகச் சின்னது. போட்டுக்கொண்டால் எதிரே கொஞ்சம்தான் தெரியும். காலடி தெரியவே தெரியாது. அதனால் மேடையின் முன்மூலையில் இருக்கிற தூணை வைத்துத்தான் நடிகன் தான் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போடுகிறான். முகமூடி போடுவதற்கென்றே திரைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை உண்டு. அங்கே உட்கார்ந்து தன் புது முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவான். பெரியப்பா கடைசிப் பொட்டை வைத்ததும் கைக்கண்ணாடியை ஒரு முறை கும்பிடுவார். அது கைக்கண்ணாடி, இது அறை. ஜப்பான்காரனுக்கு இடவசதி இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பீஜிங் ஆப்பரா வகுப்பில்தான் மெய் லான்ஃபாங் பெயரைக் கேட்டேன். உலகப் புகழ்பெற்ற ஸ்திரீபார்ட். 1935-ல் மாஸ்கோவுக்குப் போய் ஆடினார். பார்த்தவர்களில் ரஷ்ய நாடக இயக்குநர் மேயர்ஹோல்ட் இருந்தார், சினிமா இயக்குநர் ஐஸன்ஸ்டீன் இருந்தார், ஜெர்மனியிலிருந்து ஓடிவந்திருந்த நாடகாசிரியர் பிரெக்ட்டும் இருந்தார். ஓர் ஆண், வேஷம் இல்லாமல், கோட்டு சூட்டோடு நின்று, பெண்ணின் அசைவைச் செய்து காட்டியதைப் பற்றி பிரெக்ட் எழுதினார். நடிகன் பாத்திரத்துக்குள் கரைந்துபோகாமல், பாத்திரத்தை எடுத்துக் காட்டலாம் என்ற அவருடைய யோசனைக்கு அந்த மாலை பெரிய ஊட்டம் கொடுத்தது. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, பெரியப்பா லுங்கியோடு தறிமேட்டில் உட்கார்ந்து பீடியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் திரௌபதியின் கூந்தலை அள்ளி முடிந்து காட்டுவதுதான். பார்க்க அம்மாப்பேட்டையில் பிரெக்ட் இல்லை.

1935 என்றதும் சேலத்துக்காரன் சும்மா இருக்க முடியாது. மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ தொடங்கியது அந்த வருஷம்தான். ஏற்காடு சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், அந்த நுழைவு வளைவு மட்டும் இன்றும் நிற்கிறது. உள்ளே இருந்த ஸ்டூடியோ இல்லை. அதைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து சினிமா எடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் அவருடைய தயாரிப்புதான். ஆலையைப் போல நேரத்துக்கு நடக்கும் ஸ்டூடியோ என்று பெயர். நெசவு படித்தவர் நடத்தினால் அப்படித்தான் இருக்கும் என்று எங்கள் தெருவில் பெருமையாகச் சொல்வார்கள்.

அதே 1935-ல்தான் எல்லிஸ் ஆர். டங்கன் இந்தியாவுக்கு வந்தார். ஒஹாயோவில் பிறந்து கலிபோர்னியாவில் சினிமா படித்தவர். கூடப் படித்த எம்.எல். டாண்டன் கூட்டிவந்தார். அடுத்த வருஷமே சதிலீலாவதி, எம்.ஜி.ஆர். தலைகாட்டிய முதல் படம். 1950-ல் சேலத்தில் மந்திரிகுமாரியும் பொன்முடியும். தமிழ் தெரியாமலே பதினைந்து வருஷம் தமிழ்ப்படம் எடுத்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். கலைஞரின் வசனத்தை, பொருள் தெரியாத ஒருவர் எப்படி இயக்கினார் என்று எனக்கு ரொம்ப நாள் வியப்பு. சிங்கப்பூரில் புரிந்தது. என்னோடு படித்தவர்கள் அவரவர் மொழியில் பேசி நடிப்பார்கள். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் யார் பொய்யாகப் பேசுகிறார்கள் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். டங்கனுக்கும் அப்படித் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போதைய நடிகர்களுக்கு நடிப்புப் பள்ளி கிடையாது என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. பாய்ஸ் கம்பெனி என்கிற சிறுவர் நாடகக் குழு பள்ளிக்கு மேலே. ஏழெட்டு வயதில் சேர்த்துவிடுவார்கள். பாட்டு, வசனம், கத்திச்சண்டை, நடனம், அடி எல்லாம் உண்டு. எம்.ஜி.ஆரும் பி.யு. சின்னப்பாவும் அங்கே வளர்ந்தவர்கள்தான். சின்னப்பா 1940-ல் மாடர்ன் தியேட்டர்ஸின் உத்தமபுத்திரனில் இரட்டை வேடம் போட்டார், தமிழில் அதுதான் முதல். இரட்டை வேடத்தின் சூட்சுமம் அந்தக் காலத்தில் என்ன? கேமராவின் பாதி மறைத்து ஒரு வேஷத்தை எடுப்பார்கள். பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை மறைத்து அடுத்த வேஷம். நடிகன், இல்லாத தன்னோடு தானே பேச வேண்டும். முதல் தடவை எவ்வளவு நேரம் இடைவெளி விட்டானோ அந்த இடைவெளிக்குள் சரியாக இப்போது பேசி முடிக்க வேண்டும். ஒன்ஸ்மோர் வாங்கி வளர்ந்த நாடகக்காரனை சினிமா ஒன்மோருக்குப் பழக்கிய இடம் என்று எனக்கு அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் தோன்றும்.

சரி, நோவுக்குத் திரும்புகிறேன். எனக்கு மறக்கவே முடியாத பாடம் அங்கேதான் இருக்கிறது. சுமிதகாவா என்று ஒரு நோ நாடகம். ஜெயாமியின் மகன் மொதோமசா எழுதியது. கடத்தப்பட்ட மகனைத் தேடி ஒரு தாய் பித்துப் பிடித்து ஆற்றங்கரைக்கு வருகிறாள். ஓடக்காரன் பேச்சுவாக்கில் ஒரு பையன் சென்ற வருஷம் அக்கரையில் செத்துப்போன கதையைச் சொல்கிறான். அது அவள் பிள்ளை. அக்கரையில் அவன் புதைமேட்டின் முன் எல்லாரும் பிரார்த்தனை சொல்லும்போது, உள்ளேயிருந்து பிள்ளையின் குரல் வருகிறது, ஆவியாக வெளியே வருகிறான். அந்த வேஷம் சின்னப் பையன் கட்டுவது. அப்பாவுக்கும் மகனுக்கும் இதில் வாக்குவாதமே நடந்திருக்கிறது. பையனைக் காட்டாமலே ஆடினால் நன்றாயிருக்கும் என்கிறார் ஜெயாமி. என்னால் அப்படி ஆட முடியாது என்கிறார் மகன். எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு முன்னாள் லோகிதாசன் என்ற முறையில் நான் மகன் கட்சி.

இந்தத் தாய் அழ வேண்டும். பெரியப்பா மாதிரி தரையில் அறைந்து, முடியை விரித்துப்போட்டு அழுவது கிடையாது. ஒரு கையை, விரல்களை ஒட்டவைத்து, மெதுவாக முகத்துக்கு முன்னால் உயர்த்த வேண்டும், முகத்தைத் தொடக்கூடாது. தலை இம்மியளவு தாழும். பிறகு கை இறங்கும். அவ்வளவுதான் அழுகை. ஷிஓரி என்று பெயர். முதல் தடவை எனக்குச் செய்து காட்டியபோது, வெயிலுக்குக் கை மறைப்பதுபோலத்தான் இருந்தது. வாரக்கணக்கில் அதையே செய்யவைத்தார்கள். கை ஏறுகிற வேகம், நிற்கிற உயரம், இறங்குவதற்கு முன் எத்தனை மூச்சு. ஒரு நாள் சாயங்காலம், வகுப்பு முடிகிற நேரம், கையை உயர்த்தும்போது உள்ளங்கையில் முத்துவெள்ளை வாசனை அடித்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். கை இறங்க மறுத்தது. ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாணவரைக் கூப்பிட்டார்.

ஊர் திரும்பிய பிறகு நடந்ததில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. சென்னையில் சினிமா கம்பெனிகளுக்கு ஏறி இறங்கினேன். ஒரு அலுவலகத்தில் என் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, "டிராமாவா? ஓவர் ஆக்டிங் வருமே பாஸ்" என்றார்கள். இன்னொரு இடத்தில், "சிங்கப்பூரா? அப்ப என்.ஆர்.ஐ. கேரக்டர் வந்தா சொல்றோம்." மூன்றாவது இடத்தில் வேலை கொடுத்தார்கள், சம்பளத்துக்குக் கொடுத்த காசோலை இரண்டு தடவை திரும்பி வந்தது, அதுவும் ஒருவகை ஒன்மோர்தான். எனக்குக் கிடைத்த முதல் சினிமா வேஷம் என்ன தெரியுமா? பிணம். போஸ்ட்மார்ட்டம் டேபிளில் வெள்ளைத் துணிக்கு அடியில். மூன்று வருஷம் சர்வதேசப் பயிற்சி எடுத்த என்னிடம் ஓர் உதவி இயக்குநர் குனிந்து, "அண்ணே, வயிறு ஏறி எறங்குது, ஜூம்ல தெரியுது" என்றார். கூடியாட்டத்தில் மூச்சை எங்கே வைப்பது என்று படித்திருந்தேன். வயிற்றிலிருந்து எடுத்து, கழுத்துக்குக் கீழே கொஞ்சமாக வைத்துக்கொண்டேன். ஓகே ஆனது. வளையலுக்கு முதல் வட்டி.

அப்புறம் கான்ஸ்டபிள், வக்கீல் குமாஸ்தா, கதாநாயகியின் சித்தப்பா. இதற்கெல்லாம் நோ எதற்கு என்று கேட்பீர்கள். ஒன்றுக்குப் பயன்பட்டது. தரையில் மார்க் போட்டிருப்பார்கள். நடந்து வந்து அதில் சரியாக நிற்க வேண்டும், ஆனால் குனிந்து பார்க்கக்கூடாது. பாதி நடிகர்கள் அதில் தடுமாறுவார்கள். நான் எங்காவது ஒரு தூணைப் பிடித்துக்கொள்வேன், லைட் ஸ்டாண்டோ கதவு நிலையோ. முகமூடிக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்வேன். பாதம் தானாக மார்க்கில் போய் நிற்கும். கேமராமேன்களுக்கு இதனால் என்மேல் ஒரு பிரியம்.

பிறகு அந்த ஏற்காடு படம். காபித் தோட்டத் தொழிலாளியின் மகன் சாகிறான். நான் அந்தத் தகப்பன். மூன்று காட்சிதான், ஆனால் முதல்முறையாக அழுகை. சேலத்திலேயே படப்பிடிப்பு என்பதால் பெரியப்பாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். எழுபது வயது, தறியையும் கூத்தையும் விட்டிருந்தார். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போது, பதினேழு வயதில் அதன் வாசலில் நாலு நாள் நின்றதாகவும், ஐந்தாம் நாள் ஒரு தறிக்காரர் வந்து காதைத் திருகிக் கூட்டிப்போனதாகவும் சொன்னார். அதுவரைக்கும் சொன்னதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாயில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காபிச் செடி. சரிவில் பையனைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து எஸ்டேட் பிள்ளை, அவனுக்கும் எட்டு வயதுதான் இருக்கும். இறுகக் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். "பல்லைக் கடிக்காதடா தம்பி, தெரியும்" என்றேன். பெரியப்பா பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில்.

முதல் டேக். ஓடிவந்தேன், மார்க்கில் முழங்கால் போட்டேன். எனக்கே தெரியாமல் என் வலது கை மெதுவாக எழுந்து முகத்துக்கு முன்னால் நின்றது. "கட்! சார், கையை எதுக்கு மூஞ்சிக்குக் கொண்டு போறீங்க? மூஞ்சிதானே நமக்கு வேணும்? ஒன்மோர்." இரண்டாவது டேக்கில் கையை அடக்கினேன், பெரியப்பா வந்துவிட்டார், தரையில் ஓங்கி அறைந்தேன். "ஃப்ரேமை விட்டு வெளிய போறீங்க சார். ஒன்மோர்." மூன்றாவதில் பனி வந்து மூடியது. ஏற்காட்டுப் பனிக்குக் கண்டினியூட்டி தெரியாது. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். நாலாவதில் கிளிசரின் போட்டார்கள். கண் எரிந்தது, அழுகை வரவில்லை. ஐந்து, ஆறு.

ஏழாவது டேக்கில் பையன் கன்னத்தில் ஓர் எறும்பு ஏறியது. சின்னது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாடை, மூக்கோரம். பையனின் இமை துடிக்கத் தொடங்கியது. வசனத்தை மறந்துவிட்டேன். குனிந்து, விரல்நுனியால் அந்த எறும்பை எடுத்து, நசுக்காமல், பக்கத்துக் காபி இலையில் விட்டேன். எடுத்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை துடைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். கட் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, கொஞ்ச நேரம்.

இயக்குநர் மானிட்டரை விட்டு எழுந்து வந்தார். "சார், பிரமாதம். அந்த எறும்பு... அதை அப்படியே குளோஸ்ல ஒண்ணு, பையன் பக்கத்துலேர்ந்து சஜஷன் ஒண்ணு, வைட் ஒண்ணு எடுத்துடலாம். கையை எந்த எடத்துல வச்சீங்களோ அதே எடம்." உதவி இயக்குநர் தன் போனில் நான் துடைத்த இடத்தைப் படம் பிடித்தார். எறும்பு இலையை விட்டுப் போய்விட்டிருந்தது. "அண்ணே, எறும்பு வேணுமா, தேடச் சொல்லட்டுமா?" என்று ஒரு பையன் கேட்டான். வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு பதினோரு தடவை அந்த எறும்பை எடுத்தேன். இல்லாத எறும்பு. தாடையில் ஏறும், மூக்கோரம் நிற்கும், யோசிக்கும். நான் காத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அதே மூச்சில் குனிந்து, அதே அகலத்துக்கு விரலைப் பிரித்து, அதே இலையில் விடுவேன். சிங்கப்பூரில் சுவருக்கும் சுவருக்கும் நடந்த கால் எனக்குள் எங்கேயோ வழுக்கிக்கொண்டிருந்தது. ஒன்பதாவதோ பத்தாவதோ தடவையில் பையன் கண்ணை மூடியபடியே, உதடு அசையாமல், "அண்ணே, நெஜமாவே இருக்குதா?" என்று கேட்டான். "அசையாதடா" என்றேன்.

முடிந்ததும் பெரியப்பாவுக்கு டீ வாங்கிக்கொண்டு போனேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. "அடேயப்பா, அத்தன தடவ ஒன்ஸ்மோர் கேட்டாங்களே! எங்காலத்துல மூணுக்கு மேல கேட்டு நான் பாத்ததில்ல."

"ஆமாங் பெரீப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் டீயை ஊதினார். "ஆனா ஒண்ணு. ஏன் சாமி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பண்ணுன? அந்தக் கடைசியில நின்ன பொம்பளையப் பாத்து ஒரு தடவ பண்ணியிருக்கலாம்ல?" திரும்பிப் பார்த்தேன். தோட்ட வேலைக்காரப் பெண்கள் நாலைந்து பேர் கூடையோடு வேடிக்கை பார்த்து நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே நின்றதே எனக்குத் தெரியாது.

படத்தில் அந்தக் காட்சி பதினொரு விநாடி வருகிறது. எறும்பு இருந்த அந்த ஏழாவது டேக்கை அவர்கள் பயன்படுத்தவில்லை. அதில் ஓரத்தில் பனி தெரிகிறதாம். நிஜ எறும்பு போய், நான் எடுத்த பொய் எறும்புதான் திரையில் இருக்கிறது. பார்த்தவர்கள் யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. பெரியப்பா அந்தப் படம் வருவதற்கு முன்பே போய்விட்டார். காரியத்தன்று அவருடைய பழைய ஜமா வந்து கர்ணமோட்சம் ஆடியது. நான் வேஷம் கட்டவில்லை, பின்பாட்டுக்கு நின்றேன்.

இப்போது வாய்ப்பு கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியதில்லை. வசனத்தை அனுப்புகிறார்கள், போனில் நடித்து அனுப்பினால் போதும். அதனால் பாதி நாள் அம்மாப்பேட்டையில்தான் இருக்கிறேன். ஒரே தொல்லை, பக்கத்து வீட்டில் விசைத்தறி. நாலு தறி ஒன்றாக ஓடினால் நம் குரல் நமக்கே கேட்காது. நேற்று ஒரு தெலுங்குப் படத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, "மாமா, ரெண்டே நிமிஷம் நிறுத்த முடியுமா?" என்று கத்தினேன். நிறுத்தினார். தெருவே அமைதியானது. ஒரு முறை பண்ணினேன்; கை கொஞ்சம் சீக்கிரம் எழுந்துவிட்டதாகப் பட்டது.

"முடிஞ்சுதா மாப்ள? நூலு நிக்குது" என்றார் மதிலுக்கு அப்பாலிருந்து.

"இன்னொரு தடவ மாமா."